வாசகர் கேள்வி – பதில்: எதிரே வரும் போர்க்கப்பலை நம்புவது எப்படி?

இரு நாடுகளின் கடற்படைகள் சேர்ந்து பயிற்சி நடத்துவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாராட்டைவிடச் சந்தேகமே அதிகம். சந்தேகப்படுகிறவர்கள்தான் நல்ல கேள்விகளைக் கேட்பார்கள் என்பதால், அவர்களுடைய கடிதங்களிலிருந்து பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பீரங்கியும் ஏவுகணையும் சுமந்து திரியும் இரண்டு கடற்படைகளுக்கு இடையே நம்பிக்கை என்றால் என்ன பொருள்? அது தூதர்களின் அலங்காரப் பேச்சுத்தானே?

பதில்: தூதர்களின் வாயில் அது பெரும்பாலும் அலங்காரம்தான். கப்பலைச் செலுத்துகிறவருக்கோ அதற்குக் கறாரான ஒரு பொருள் உண்டு. எதிரே வரும் கப்பல் அடுத்த பத்து நிமிடத்தில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஓரளவு நிச்சயமாகக் கணிக்க முடிந்தால், அவர் அந்தக் கப்பலை நம்புகிறார் என்று பொருள். அதன் கொடியை அவர் விரும்ப வேண்டியதில்லை. அதன் அரசை மதிக்க வேண்டியதுமில்லை.

நிலத்தில் இரண்டு படைகளுக்கு நடுவே வேலியும் காவல் சாவடியும் இருக்கும். கடலில் ஒரு நாட்டின் பிராந்தியக் கடல் கரையிலிருந்து அதிகபட்சம் 12 கடல் மைல் தூரம்தான். அதற்கு அப்பால் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் போகலாம் என்பதால், பகை நாடுகளின் கப்பல்கள் ஒன்றையொன்று பின்தொடர்வதும், நெருங்கி வந்து படம் எடுப்பதும், வேண்டுமென்றே குறுக்கே போவதும் அன்றாடம் நடக்கின்றன. 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில், செல்லும் கப்பல் ஒரு கடல் மைலை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். இரண்டு கப்பல்கள் அதே வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் அந்த இரண்டு நிமிடமும் பாதியாகிவிடும். தலைநகரத்தைக் கேட்டு முடிவெடுக்க அங்கே அவகாசம் கிடையாது.

அந்த அவகாசம் இல்லாதபோது அச்சம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1904 அக்டோபரில், ஜப்பானோடு போரிடுவதற்காகப் புறப்பட்ட ரஷ்யாவின் பால்டிக் கப்பற்படை, வட கடலில் டாகர் பேங்க் என்ற மீன்பிடிப் பரப்பைக் கடக்கும்போது, இரவில் கண்ட பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டது. ஜப்பானோ உலகின் மறுகோடியில் இருந்தது. மீனவர்கள் இறந்தார்கள், குழப்பத்தில் ரஷ்யக் கப்பல்கள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டன, பிரிட்டனும் ரஷ்யாவும் போரின் விளிம்புவரை போய், பாரிஸில் கூடிய பன்னாட்டு விசாரணைக் குழுவாலும் ரஷ்யா கொடுத்த இழப்பீட்டாலும் தப்பின. அந்த இரவில் யாருக்கும் பிரிட்டனோடு போரிடும் எண்ணம் இருக்கவில்லை.

கேள்வி: நட்பு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொள்வதில் வியப்பில்லை. பரம எதிரிகளின் கடற்படைகள் அப்படிச் செய்துகொண்டது உண்டா?

பதில்: இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டும் ஒப்பந்தமே பரம எதிரிகள் இருவர் செய்துகொண்டதுதான். 1960களில் அமெரிக்கக் கப்பல்களும் சோவியத் கப்பல்களும் கடலில் யார் முதலில் விலகுவது என்று பார்க்கும் ஆபத்தான ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தன. 1967 மே மாதம் ஜப்பான் கடலில் வாக்கர் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் சோவியத் போர்க்கப்பல்களோடு உரசியது. அடுத்த ஆண்டு, நார்வேக் கடலில் எஸ்ஸெக்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை மிகத் தாழ்வாகப் பறந்து கடந்த சோவியத் டியூ-16 விமானம் கடலில் விழுந்து நொறுங்கியது. 1970 நவம்பரில் மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் ஒரு சோவியத் நாசகாரிக் கப்பலும் மோதிக்கொண்டன.

இப்படியே போனால் அரசியல் தலைவர்கள் விரும்பாத ஒரு போரை இரண்டு இளம் கேப்டன்கள் தொடங்கிவிடுவார்கள் என்பது இரு தரப்புக்கும் புரிந்தது. 1972 மே 25 அன்று மாஸ்கோவில், அமெரிக்காவின் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் கடற்படைத் தலைவர் அட்மிரல் செர்கேய் கோர்ஷ்கோவும் கடலில் அசம்பாவிதங்களைத் தவிர்ப்பதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் விதிகளைப் படித்தால் கப்பலில் வேலை பார்த்தவர்கள் எழுதியது என்பது தெரிந்துவிடும். மற்றவரின் கப்பலை நோக்கிப் பீரங்கியையோ ஏவுகணைத் தாங்கியையோ டார்பிடோக் குழாயையோ திருப்பிப் பொய்த் தாக்குதல் நடத்தக் கூடாது. கப்பலைச் செலுத்தும் மேடையின் மீது தேடுவிளக்கைப் பாய்ச்சிக் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. விமானங்கள் ஏறி இறங்கும் நேரத்தில் விமானந்தாங்கிக் கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது. ஆபத்து விளைவிக்கக்கூடிய பயிற்சி என்றால் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை இரு கடற்படைகளின் அதிகாரிகளும் உட்கார்ந்து, அந்த ஆண்டில் நடந்த விதிமீறல்களை ஒவ்வொன்றாகப் பேச வேண்டும்.

அதில் எழுதப்படாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு கப்பல்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம் என்று எண்ணால் ஓர் அளவு வைக்க வேண்டும் என்பது சோவியத் தரப்பின் கோரிக்கை. அமெரிக்கர்கள் அதை ஏற்கவில்லை. தூரத்தைத் தீர்மானித்த பிறகுதான் கையெழுத்து என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் ஒப்பந்தமே வந்திருக்காது. இருவரும் அந்தப் பிரச்சினையை ஓரமாக வைத்துவிட்டு, ஒத்துப்போகிற பகுதியில் மட்டும் கையெழுத்திட்டார்கள். மேலும், எந்தத் தரப்பின் கப்பல் எண்ணிக்கையையும் ஆயுதத்தையும் அது தொடவில்லை. யாருடைய பலத்தையும் குறைக்காத ஒப்பந்தம் என்பதால், அதை மீறுவதில் யாருக்கும் லாபமும் இல்லை.

கையெழுத்தாகிப் பதினேழு மாதத்தில், 1973 அக்டோபரில், மேற்காசியப் போரின்போது இரு வல்லரசுகளின் கப்பற்படைகளும் மத்தியதரைக் கடலில் நெருங்கி நின்றன. பதற்றம் உச்சத்தில் இருந்தும் கப்பல்கள் மோதிக்கொள்ளவில்லை. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பிறகு மற்றப் பேச்சுகள் பல நின்றுபோனபோதும் இந்த ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. பிரிட்டன் 1986இல் இதே மாதிரியில் சோவியத் ஒன்றியத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வேறு பல நாடுகளும் பின்பற்றின.

கேள்வி: அப்படியானால் 1988இல் கருங்கடலில் சோவியத் கப்பல்கள் அமெரிக்கக் கப்பல்களை இடித்தது ஏன்?

பதில்: நல்ல மடக்கு. 1988 பிப்ரவரி 12 அன்று, கிரைமியாவுக்கு அருகே சோவியத் பிராந்தியக் கடலுக்குள் சென்ற யார்க்டவுன், கேரன் என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்களை இரண்டு சோவியத் கப்பல்கள் மெல்ல இடித்தன. இது தவறிப்போன இடியல்ல. முன்பே எச்சரித்துவிட்டு, திட்டமிட்டு இடித்தார்கள். தீங்கு செய்யாமல் கடந்துபோகும் கப்பலுக்குப் பிறர் பிராந்தியக் கடலிலும் வழி உண்டு என்பது சட்டம். ஆனால் அந்த வழி எங்கெல்லாம் உண்டு என்பதில் இரு நாடுகளும் வேறுபட்டன. அந்தப் பிணக்கைத் தீர்க்கும் அதிகாரம் மாலுமிகளிடம் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் கூடி, அந்தச் சட்டத்துக்கு ஒரே விளக்கத்தை ஏற்று அறிவித்த பிறகே அது முடிவுக்கு வந்தது. கடற்படைகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு நடத்தையைத்தான் ஒழுங்குபடுத்தும். உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காது.

கேள்வி: கூட்டுப் பயிற்சி என்று செய்தித்தாள்களில் வருவதெல்லாம் கப்பல்கள் வரிசையாக நிற்கும் படங்கள்தான். அதற்கு மேல் அதில் ஏதாவது உண்டா?

பதில்: அந்தப் படம் எடுக்கும் அரை மணி நேரம் உண்மையிலேயே படத்துக்காகத்தான். மற்ற நேரத்தில் நடப்பது படத்தில் நன்றாக விழாது. பெரிய பயிற்சி ஒன்றுக்குப் பல மாதங்களுக்கு முன்பே இரு தரப்பு அதிகாரிகளும் கூடித் திட்டமிடுகிறார்கள். எந்த அலைவரிசையில் பேசுவது, ஒரு கட்டளைச் சொல் இரு கடற்படையிலும் ஒரே பொருளைத் தருகிறதா, விபத்து நேர்ந்தால் யார் பயிற்சியை நிறுத்துவது என்பதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பிறகு துறைமுகத்தில் சில நாட்கள் உட்கார்ந்து பேச்சு, அதன் பின்பே கடல்.

கடலில் நடப்பவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலின் பக்கத்தில், சில பத்து மீட்டர் இடைவெளியில், அதே வேகத்தில் இன்னொரு நாட்டுப் போர்க்கப்பல் வந்து, குழாயை வாங்கி மாட்டி, எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். இணையாக ஓடும் இரண்டு பெரிய கப்பல்களுக்கு நடுவே ஓடும் நீர் அவற்றை ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும். சுக்கானைப் பிடித்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் சிறிது கவனம் பிசகினாலும் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். மொழி வேறு, பயிற்சி முறை வேறு என்ற நிலையில் இதை ஒரு மணி நேரம் செய்து முடித்த இரண்டு குழுக்களுக்கு ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்குக் கிடைக்கும் அறிவு எந்த அறிக்கையிலும் கிடைக்காது. ஒரு நாட்டு ஹெலிகாப்டர் மற்ற நாட்டுக் கப்பலின் தளத்தில் இறங்குவதும் இதே வகைதான்.

அரசியல் ஒரே நாளில் இதை நிறுத்திவிட முடியும் என்பதும் உண்மை. 1992இல் தொடங்கிய இந்திய–அமெரிக்க மலபார் பயிற்சி, 1998 அணு ஆயுதச் சோதனைக்குப் பின் நின்றுபோய், 2002இல்தான் மீண்டும் தொடங்கியது. இதற்கு நேர்மாறான கோடியில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் இருக்கின்றன. 1996 முதல் இரண்டுக்கும் நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் ஒரே கட்டளைத் தலைமையகம். தலைவர் டச்சு அட்மிரல், துணைத் தலைவர் பெல்ஜிய அதிகாரி. கண்ணிவெடி அகற்றும் கப்பல்களின் பொறுப்பை ஒரு நாடும், பெரிய போர்க்கப்பல்களின் பொறுப்பை மற்ற நாடும் இருவருக்காகவும் ஏற்றுக்கொண்டன. ஆனாலும் ஒரு கப்பலைப் போர்ப் பணிக்கு அனுப்புவதா என்ற முடிவை இரண்டு அரசுகளும் தத்தம் கையிலேயே வைத்திருக்கின்றன. எல்லோரும் அந்தத் தூரம் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது.

கேள்வி: சேர்ந்து பயிற்சி செய்தால் நம் ரகசியங்கள் வெளியே போகாதா?

பதில்: கொஞ்சம் போகத்தான் செய்யும், போகாத மாதிரி யாரும் நடிப்பதில்லை. அதற்காகத்தான் ரேடார்களை முழுத் திறனில் இயக்காமல் அமைதிக்கால அமைப்பிலேயே வைத்திருப்பதும், சில அறைகளைப் பூட்டிவிடுவதும், பயிற்சிக்கென்று தனித் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவதும். பார்க்கப்படுகிறோம் என்பதை இரு தரப்பும் அறிந்தே வருகின்றன. 2014இல் ஹவாய்க்கு அருகே அமெரிக்கா நடத்திய ரிம்பாக் என்ற பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சிக்குச் சீனா முதன்முறையாக நான்கு கப்பல்களை அனுப்பியது; கூடவே, அழைக்கப்படாத ஓர் உளவுக் கப்பலையும் அனுப்பிச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்தது. பன்னாட்டுக் கடற்பரப்பில் நின்றதால் அதில் சட்டமீறல் இல்லை. விருந்துக்கு வந்தவரே சன்னலுக்கு வெளியேயும் ஓர் ஆளை நிறுத்திய கதைதான். பயிற்சி அதற்காக நின்றுவிடவில்லை.

கேள்வி: போரின் விளிம்புவரை போய்விட்டு, பிறகு உண்மையாகவே சேர்ந்து வேலை செய்யும் கடற்படைகள் எங்காவது உண்டா?

பதில்: எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அர்ஜென்டினாவும் சிலியும். தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் கால்வாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் பிக்டன், நுவேவா, லென்னாக்ஸ் என்ற மூன்று சிறு தீவுகளுக்காக இரண்டு நாடுகளும் பல காலம் பிணங்கின. 1977இல் நடுவர் தீர்ப்பு சிலிக்குச் சாதகமாக வந்தது. அர்ஜென்டினா அதை ஏற்க மறுத்து, 1978 டிசம்பரில் படையெடுப்புக்கு முழு ஆயத்தம் செய்தது. இரு கப்பற்படைகளும் கடலில் இறங்கிவிட்டன. கடைசி நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் தலையிட்டு, கர்தினால் அந்தோனியோ சமோரேயைத் தூது அனுப்பியதால்தான் சண்டை தவிர்ந்தது. ஆறு ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, 1984 நவம்பர் 29 அன்று வத்திக்கானில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலியிடமே நின்றன.

கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. ஒப்பந்தம் வந்த மறுநாளே இரு கடற்படைகளும் கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. பதினைந்து ஆண்டுகள்போல் காத்திருந்துதான் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கின, அதுவும் யாரும் ஆட்சேபிக்க முடியாத வேலைகளிலிருந்து. 1998 முதல் அண்டார்க்டிகாவின் கோடைக்காலத்தில் இரு நாட்டுக் கப்பல்களும் முறை வைத்துக்கொண்டு அந்தக் கடலில் ரோந்து செல்கின்றன. எந்த நாட்டுக் கப்பலுக்கு ஆபத்து என்றாலும் முறையில் இருப்பவர் போக வேண்டும். 1999 முதல் அதே பீகிள் கால்வாயில் ஆண்டுதோறும் ஒரு கூட்டுப் பயிற்சி நடக்கிறது: காணாமல் போனவர்களைத் தேடுவது, தரைதட்டிய கப்பலை இழுப்பது, கொட்டிய எண்ணெயைத் தடுத்து அள்ளுவது. பயிற்சிக்கு வைத்த பெயர் வியேகாரென். அந்தக் கால்வாயின் கரைகளில் வாழ்ந்த யாகான் பழங்குடியினரின் மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். இரண்டு அரசுகளும் பேசும் ஸ்பானிய மொழியில் பெயர் வைக்காமல், தங்கள் இருவருக்கும் முன்பே அந்தக் கரையில் இருந்தவர்களின் சொல்லை எடுத்தார்கள். பெயர் வைப்பதில் கடற்படைகள் பொதுவாக இவ்வளவு நயம் காட்டுவதில்லை.

கேள்வி: நேச நாடுகளாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் வராது அல்லவா?

பதில்: வரும். 2018 டிசம்பர் 20 அன்று, ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்துக்கு அப்பால், வடகொரிய மீன்பிடிப் படகு ஒன்றுக்கு உதவிக்கொண்டிருந்த தென்கொரிய நாசகாரிக் கப்பலை ஜப்பானிய ரோந்து விமானம் ஒன்று நெருங்கிப் பார்த்தது. கப்பல் தன்மீது தாக்குதல் ரேடாரைப் பாய்ச்சியது என்றது ஜப்பான். சாதாரண ரேடார் சுற்றிலும் உள்ளதைத் துழாவிப் பார்க்கும். தாக்குதல் ரேடாரோ ஒரே இலக்கைப் பிடித்துக்கொண்டு ஏவுகணைக்கோ பீரங்கிக்கோ குறி காட்டும். துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே நீட்டுவதற்குச் சமம் அது. அப்படி எதுவும் நடக்கவில்லை, விமானம்தான் மிரட்டும்படி தாழப் பறந்தது என்றது கொரியா. இரண்டுமே அமெரிக்காவின் நேச நாடுகள். ஒன்றோடொன்று போரிடும் எண்ணம் எவருக்கும் இல்லை.

இரு கடற்படைகளும் அறைக்குள் உட்கார்ந்து பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். மாறாக, முதலில் ஜப்பான் காணொளியை வெளியிட்டது. பதிலுக்குக் கொரியா ஒன்றை வெளியிட்டது. பிறகு ஜப்பான் ஒலிப்பதிவை வெளியிட்டது. மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அட்மிரலும் தன் ஆட்கள் தவறியிருக்கலாம் என்று சொல்ல மாட்டார். ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் மாதம் சிங்கப்பூரில்தான் இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் இனி இப்படி நேராமல் தடுப்பதற்கு உடன்பட்டார்கள். மேற்குப் பசிபிக் கடற்படைகள் 2014இல் சீனாவின் சிங்தாவ் நகரில் கூடி ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளைக் கடைப்பிடிப்பது, நேரில் பேசிக்கொள்ளும் முறையைச் சீர்படுத்துவது என்பவையே அதன் சாரம். 2018இல் உண்மையில் நடந்தது என்ன என்பதில் இருவரும் இன்றும் அவரவர் கூற்றிலேயே நிற்கிறார்கள். 1972இல் தூரத்தை ஓரமாக வைத்த அதே வழிதான்.

கேள்வி: அவசரத் தொலைபேசித் தொடர்பு இருந்தால் போதாதா?

பதில்: எடுத்துப் பேச மனம் இருந்தால் போதும். அமெரிக்காவும் சீனாவும் 1998இலேயே கடற்பாதுகாப்புக் கலந்தாய்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அது இருக்கும்போதே 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானத்திலிருந்த 24 பேர் பதினொரு நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் தைவான் விவகாரத்தில் கோபமுற்ற சீனா அந்தக் கலந்தாய்வுக் கூட்டங்களையே ரத்து செய்தது. 2023 நவம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்த பிறகு, 2024 ஏப்ரலில் ஹவாயில் மீண்டும் கூடினார்கள். பிணக்கு முற்றும் நேரத்தில்தான் பேச்சுத் தொடர்பு தேவை. அந்த நேரத்தில்தான் கோபத்தைக் காட்டுவதற்காக அதைத் துண்டிக்கிறார்கள்.

கேள்வி: பக்கத்து நாட்டுக் கடற்படையை நம் கடலுக்குள் விட்டால் இறையாண்மை என்னாவது?

பதில்: விட வேண்டியதே இல்லை. 2004இல் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையைத் தடுக்க இந்தோனேசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் தொடங்கிய ரோந்தில், ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் தன் கடலிலேயே சுற்றியது. நேரமும் தகவலும் மட்டுமே பொது. வானில்தான் சற்றுத் துணிந்தார்கள்: 2005 முதல் பறந்த ரோந்து விமானங்களில் மற்ற நாட்டு அதிகாரிகளும் உடன் அமர்ந்தார்கள். தாய்லாந்து 2008இல் சேர்ந்தது. 2005இல் அந்த நீரிணையைப் போர் ஆபத்துப் பகுதி என்று பட்டியலிட்டிருந்த லண்டன் காப்பீட்டுச் சந்தையின் குழு, 2006 ஆகஸ்டில் அதை நீக்கியது. பத்திரிகையாளர்களைவிடக் காப்பீட்டுக்காரர்கள் எளிதில் மயங்க மாட்டார்கள் என்பதால் இந்தச் சான்றை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதே கடிதத்தில் வாசகர் இந்தியா–பாகிஸ்தான் பற்றியும் கேட்டிருக்கிறார். 1991 ஏப்ரலில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பன்னாட்டுக் கடற்பரப்பில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் மூன்று கடல் மைலுக்குள் நெருங்கக் கூடாது. ஆனாலும் 2011 ஜூன் மாதம், கடற்கொள்ளையரிடமிருந்து விடுபட்ட சூயஸ் என்ற சரக்குக் கப்பலுக்குத் துணையாகச் சென்ற இடத்தில் பாகிஸ்தானின் பாபர், இந்தியாவின் கோதாவரி ஆகிய இரு போர்க்கப்பல்களும் உரசிக்கொண்டன. ஒவ்வொரு நாடும் மற்றதன்மீது குற்றம் சாட்டியது. ஆனால் 2015 ஏப்ரலில், ஏமன் போரின்போது, முகல்லாவில் சிக்கிய இந்தியர் பதினொருவரைப் பாகிஸ்தான் போர்க்கப்பல் ஏற்றிவந்தது. அவர்களைத் தனி விமானத்தில் டெல்லிக்கு அனுப்பி வைத்தார்கள். எண் எழுதிய விதி ஒரு நாள் மீறப்பட்டது, விதியே இல்லாத உதவி இன்னொரு நாள் கிடைத்தது.

கேள்வி: இதனால் ஓர் உயிராவது பிழைத்தது என்று காட்ட முடியுமா? என் மகன் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றுவதால் கேட்கிறேன்.

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நீர்மூழ்கிக் கப்பலே ஒரு கடற்படையின் மிகப் பெரிய ரகசியம். அது எங்கே இருக்கிறது என்பதே ரகசியம். அது மூழ்கிவிட்டால் இடத்தையும் ஆழத்தையும் மீட்புக் கதவின் அமைப்பையும் வெளியாரிடம் சொல்லியாக வேண்டும். 2000 ஆகஸ்ட் 12 அன்று பேரண்ட்ஸ் கடலில் ரஷ்யாவின் கூர்ஸ்க் என்ற நீர்மூழ்கிக் கப்பல் 118 பேரோடு மூழ்கியபோது, பிரிட்டனும் நார்வேயும் முன்வந்தும் அந்த உதவியை ஏற்க ரஷ்யாவுக்கு நான்கு நாட்கள் ஆயின. ரஷ்ய மீட்புக் கலங்கள் பல முறை முயன்றும் திறக்க முடியாத கதவை நார்வே முக்குளிப்பாளர்கள் 21ஆம் தேதி திறந்தார்கள். உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தது. பின்பகுதியில் 23 பேர் சில மணி நேரம் உயிரோடு இருந்தது பிறகு தெரியவந்தது. நான்கு நாள் தாமதம் இல்லாமல் இருந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2005 ஆகஸ்ட் 4 அன்று, கம்சாத்கா கரைக்கு அப்பால் ஏழு பேரோடு ஏஎஸ்-28 என்ற சிறிய ரஷ்ய மீட்புக் கலமே சுமார் 190 மீட்டர் ஆழத்தில் வலைகளிலும் வடங்களிலும் சிக்கிக்கொண்டது. இம்முறை ரஷ்யா காத்திருக்காமல் உதவி கேட்டது. பிரிட்டன் ஸ்கார்பியோ என்ற ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியை விமானத்தில் அனுப்ப, அது வடங்களை அறுத்துவிட, 7ஆம் தேதி ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். நீங்கள் கேட்ட உயிர்கள் இவை.

கூர்ஸ்க்கிற்குப் பிறகு நீர்மூழ்கி மீட்புக்கெனப் பன்னாட்டுத் தொடர்பு அலுவலகம் ஒன்று உருவானது. மீட்புக் கலம் வந்து பொருந்தும் கதவின் அளவைப் பொதுவாக வைத்துக்கொள்வதும் பல கடற்படைகளில் வழக்கமாகிவிட்டது. கதவின் விளிம்பு சில அங்குலம் மாறுபட்டால், எவ்வளவு நல்ல மனம் இருந்தும் பயனில்லை. 2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் என்ற நீர்மூழ்கிக் கப்பல் 44 பேரோடு காணாமல் போனபோது, 1982இல் அந்த நாட்டோடு போரிட்ட பிரிட்டன் தன் பனிக்கடல் ரோந்துக் கப்பலைத் தேடுதலுக்கு அனுப்பியது.

எப்போதும் முடிவு நல்லதாக அமைவதில்லை என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. 2021 ஏப்ரல் 21 அதிகாலையில் பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் நங்கலா என்ற நீர்மூழ்கிக் கப்பல் 53 பேரோடு மூழ்கியது. அன்று பிற்பகலிலேயே சிங்கப்பூரிலிருந்து ஸ்விஃப்ட் ரெஸ்கியூ என்ற மீட்புக் கப்பல் புறப்பட்டுவிட்டது. மலேசியாவும் இந்தியாவும் தங்கள் மீட்புக் கப்பல்களை அனுப்பின. 838 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடந்த கலத்தைச் சிங்கப்பூர்க் கப்பலின் ஆளில்லாக் கருவிதான் படம் பிடித்துக் காட்டியது. யாரும் பிழைக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல் அனுமதிக் கடிதத்துக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. நீர்மூழ்கி மீட்பில் ஒருவருக்கொருவர் உதவுவது என்ற ஏற்பாட்டில் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் 2012இலேயே, எந்த விபத்தும் நேராத ஒரு காலத்தில், கையெழுத்திட்டிருந்தன.